ஏழே வால்வுகளில் முழு ஸ்டீரியோ: டைனாக்கோ எஸ்டி-70 விமர்சனம்

டைனாக்கோ ஸ்டீரியோ 70-ஐக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெரிதாக ஒன்றுமே இருக்காது. பழுப்பு நிறத்தில் ஒரு பிரின்டட் போர்டு, வால்வு சாக்கெட்டுகள், ஒரு கெபாசிட்டர் டப்பாவின் கால்கள், கொஞ்சம் வயர். இரண்டு சேனலுக்கும் சேர்த்து மொத்தம் ஏழு வால்வு: ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுகளாக நாலு இஎல்34, அவற்றுக்கு முன்னால் சிக்னலைப் பெருக்க இரண்டு 7199, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயராக ஒரு ஜிஇசட்34. சேனலுக்கு 35 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் இதற்கு மேல் எதையாவது குறைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். எதை எடுத்தாலும் ஒன்று கெட்டுப்போகும். புஷ்-புல் வால்வு ஆம்ப், அதாவது இரண்டு அவுட்புட் வால்வுகள் எதிரெதிராக மாறி மாறி இழுக்கும் ஆம்ப் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு இந்த ஒன்றைக் காட்டினாலே போதும். 

டேவிட் ஹாஃப்லரும் எட் லாரன்டும் 1955-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய நிறுவனம் டைனாக்கோ. எஸ்டி-70 வெளிவந்தது 1959-இல், வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் கிட்டாக, 99.95 டாலருக்கு. மெக்கின்டாஷ், மராண்ட்ஸ் போன்ற பெயர்களை எட்டிப் பார்க்கவே முடியாதவர்கள் இதை வாங்கினார்கள். ஓட்டுப் பகுதியின், அதாவது இஎல்34-களுக்கு சிக்னல் கொடுக்கும் 7199 பகுதியின் போர்டு மட்டும் தொழிற்சாலையிலேயே சால்டர் செய்யப்பட்டு வரும். மீதி வயரிங் வாங்கியவர் பொறுப்பு. அதனால் இன்று கைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பழைய எஸ்டி-70-உம் யாரோ ஒருவர் மேசையில் வைத்துச் செய்ததுதான். ஒன்றில் பற்றவைப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும், இன்னொன்றில் ஈயம் உருகாமல் உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். "ஒரிஜினல், கை படாதது" என்று சொல்லி விற்பவரிடம் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இதன் சர்க்யூட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களும் இன்றைக்கும் பணம் கொடுத்து வாங்கத் தக்கவை. பவர் சப்ளை அன்றே இழுத்துப் பிடித்துச் செய்யப்பட்டது, இன்று அதுதான் பலவீனம். போர்டும், பயஸ் (அவுட்புட் வால்வுகளின் மின்னோட்டத்தை அளவில் வைக்கும் எதிர் மின்னழுத்தம்) தரும் பகுதியும் காலாவதியானவை, மாற்றியே ஆக வேண்டும். நல்லதும் கெட்டதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: செலவை எங்கே செய்வது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகள்தான் இரண்டுக்கும் காரணம்.

அந்த முடிவுகளைப் புரிந்துகொள்ள, எஸ்டி-70-க்கு முன்னால் தரத்துக்கு அளவுகோலாக இருந்த வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்க வேண்டும். 1947-இல் டி. டி. என். வில்லியம்சன் பிரிட்டனில் வெளியிட்ட வடிவமைப்பு அது. இரண்டு கேடி66 வால்வுகளை டிரையோடாக (மூன்று முனை வால்வாக) இணைத்து 15 வாட், 0.1 சதவீத டிஸ்டார்ஷன், 20 டெசிபெல் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளீட்டில் எதிராகச் சேர்த்துப் பிழையைக் குறைப்பது). அந்தக் காலத்துக்கு அசாத்தியமான எண்கள். ஆனால் சிக்னல் அதில் நாலு கட்டங்களைத் தாண்ட வேண்டும்: முதல் பெருக்கி, சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் ஸ்பிளிட்டர், டிரைவர், அவுட்புட். ஸ்பிளிட்டருக்கும் டிரைவருக்கும் இடையே சிக்னலை மட்டும் கடத்தும் ஒரு ஜோடி கப்ளிங் கெபாசிட்டர், டிரைவருக்கும் அவுட்புட்டுக்கும் இடையே இன்னொரு ஜோடி. இவற்றோடு டிரான்ஸ்ஃபார்மரும் சேர, தாழ்ந்த அதிர்வெண்ணில் ஃபேஸைத் திருப்பும் இடங்கள் மூன்றாகின்றன. ஃபீட்பேக் வளையத்துக்குள் மூன்று இருந்தால், எங்கோ ஓர் அதிர்வெண்ணில் எதிர் ஃபீட்பேக் நேர் ஃபீட்பேக்காக மாறிவிடும் வாய்ப்பு உண்டு. மிக நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வில்லியம்சனைக் கட்டியவர்களின் ஸ்பீக்கர் கோன்கள் இசையே இல்லாதபோதும் மெதுவாக முன்னும் பின்னும் அசைந்ததற்கு அதுதான் காரணம்.

எஸ்டி-70-இல் டிரைவர் கட்டமே கிடையாது. 7199 என்பது ஒரே கண்ணாடிக்குள் ஒரு பென்டோடும் (ஐந்து முனை வால்வு) ஒரு டிரையோடும் உள்ள வால்வு. வால்வில் எலக்ட்ரான்கள் கேத்தோடிலிருந்து கிளம்பிப் பிளேட்டுக்குப் போகும், நடுவில் கிரிட் அதைக் கட்டுப்படுத்தும். பென்டோடு பகுதி ஒற்றையாக நின்றே இரண்டு டிரையோடுகள் தரக்கூடிய பெருக்கத்தைத் தந்துவிடுகிறது. அதன் பிளேட்டிலிருந்து நடுவில் கெபாசிட்டர் எதுவும் இல்லாமல் நேராக டிரையோடின் கிரிட்டுக்குப் போகிறது சிக்னல். அந்த டிரையோடு ஒரு கேத்தோடைன் ஸ்பிளிட்டர்: பிளேட்டில் ஒரு 47 கிலோ ஓம், கேத்தோடில் அதே மதிப்பில் இன்னொரு 47 கிலோ ஓம். இரண்டு ரெசிஸ்டர்களிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், இரண்டு முனைகளிலும் வரும் சிக்னல் அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும்தான் இருக்க முடியும். வால்வு பழசானாலும் இந்தச் சமநிலை குலையாது. ரெசிஸ்டர்கள் இரண்டும் ஒரே மதிப்பில் இருந்தால் போதும். அங்கிருந்து 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்கள் வழியாக இஎல்34 கிரிட்டுகள், பிறகு டிரான்ஸ்ஃபார்மர். ஆக, தாழ்ந்த அதிர்வெண்ணில் ஃபேஸைத் திருப்பும் இடம் இரண்டே இரண்டு. வில்லியம்சனுக்கு இணையாக 20 டெசிபெல் அளவில் ஃபீட்பேக் கொடுத்தாலும் ஆம்ப் அலையாமல் நிற்கிறது. வால்வு ஒன்று குறைந்தது மட்டும் இங்கே லாபமில்லை, நிலைத்தன்மையும் கூடவே வந்தது. பிற்காலத்தில் இதே வரிசையை எத்தனையோ பேர் பின்பற்றினார்கள்.

இன்னொரு தூண் அல்ட்ரா-லீனியர் இணைப்பு. இஎல்34-இன் ஸ்கிரீன் கிரிட்டை (இரண்டாவது கிரிட்) நிலையான மின்னழுத்தத்தில் கட்டினால் வாட் அதிகம், டிஸ்டார்ஷனும் அதிகம். பிளேட்டோடு கட்டினால் டிரையோடு, ஒலி சுத்தம், ஆனால் வாட் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுற்று) நடுவே ஒரு டேப், அதாவது இணைப்பு முனை எடுத்து ஸ்கிரீனை அதில் கட்டினால் இரண்டின் நன்மையும் பெருமளவுக்குக் கிடைக்கிறது. இந்த யோசனைக்கு ஆலன் புளும்லைன் 1937-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதை ஆராய்ந்து, பெயர் வைத்து, 1951-இல் ஒரு கட்டுரையால் உலகம் முழுக்கப் பரப்பியவர்கள் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும். டைனாக்கோவைத் தொடங்குவதற்கு முன்பே ஹாஃப்லர் டிரான்ஸ்ஃபார்மர் தொழிலில் ஊறியவர். ஏ-470 என்ற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் எடுத்தாலே அது தெரியும். பிளேட்டுக்குப் பிளேட் 4,300 ஓம் பிரைமரி, 4, 8, 16 ஓம் செகண்டரி. சேசிஸுக்கும் பெயின்ட்டுக்கும் ஆகாத செலவெல்லாம் இதற்குள் போயிருக்கிறது. கிட்டத்தட்ட 15 கிலோ எடையுள்ள இந்த ஆம்ப்பில் பெரும்பங்கு மூன்று டிரான்ஸ்ஃபார்மர்களின் இரும்பும் செம்பும்தான்.

கேட்க எப்படி இருக்கிறது? குரலும் நரம்புக் கருவிகளும் இதன் கோட்டை. பாடகர் மூச்சை இழுப்பதும் வில் நரம்பில் பதிவதும் எந்தப் பூச்சும் இல்லாமல் கேட்கும். தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு தளர்வு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. டேம்பிங் ஃபேக்டர் 15 அளவில்தான், அதாவது 8 ஓம் டேப்பில் ஆம்ப்பின் உள்மின்தடை அரை ஓமுக்குப் பக்கம். மின்தடை சீராக உள்ள ஸ்பீக்கரில் இது தெரியவே தெரியாது. ஒரு அதிர்வெண்ணில் 3 ஓமுக்கு இறங்கி இன்னொன்றில் 30-க்கு ஏறும் ஸ்பீக்கரில் மத்தளத்தின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் கொழகொழவென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட ஸ்பீக்கரை 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் 4 ஓம் டேப்பில் போட்டுக் கேளுங்கள், பல நேரம் பிடி கூடும். ஒலியளவைப் பொறுத்தவரை 35 வாட் என்பது 1 வாட்டைவிட 15 டெசிபெல் கூடுதல். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில் 105 வரை போகும். சாதாரண அறைக்குத் தாராளம். 86 டெசிபெல் ஸ்பீக்கரும் பெரிய கூடமும் என்றால் இது உங்களுக்கான ஆம்ப் இல்லை.

எல்லை மீறி ஓட்டும்போது நடப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிரிட் நேர்மறைக்குப் போனதும் மின்னோட்டம் இழுக்கும், 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் அதனால் சார்ஜ் ஏறிக்கொள்ளும், 270 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டர் வழியாகத்தான் அது வடிய வேண்டும். கணக்குப் போட்டால் 27 மில்லி செகண்ட். ஒரு பலத்த அடிக்குப் பிறகு அவ்வளவு நேரம் வால்வு தவறான பயஸில் இருக்கும். உரத்த இடங்களில் ஒலி ஒரு கணம் மங்கித் திரும்புவதாகத் தோன்றினால் காரணம் இதுதான். பழுது இல்லை, வாட் போதவில்லை. இந்தக் கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் பேஸ் கூடும் என்று நினைத்து 0.47 போடுகிறவர்கள் மீளும் நேரத்தை 4.7 மடங்கு ஆக்கிவிடுகிறார்கள். 

பவர் சப்ளைக்கு வருவோம். ஒரே ஒரு ஜிஇசட்34 நாலு இஎல்34-க்கும் ஓட்டுப் பகுதிக்கும் மின்சாரம் தருகிறது. ஒரு இஎல்34-க்கு 50 மில்லி ஆம்பியர் என்றால் நாலுக்கு 200. அதற்கு மேல் ஓட்டுப் பகுதி. அந்த வால்வின் உச்சவரம்பே 250. அன்றைய ஜிஇசட்34 இதை வருடக்கணக்கில் தாங்கியது. இன்று தயாராகும் அதே எண்ணுள்ள எல்லா வால்வும் தாங்குவதில்லை. பவர் டிரான்ஸ்ஃபார்மரும் எல்லையில்தான் ஓடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துக் கை வைத்தால் சுரீரென்று இழுத்துக்கொள்வீர்கள். இரண்டு சேனலையும் ஒன்றாக முழு வாட்டுக்கு ஓட்டினால் மின்னழுத்தம் இறங்குவதும் இதனால்தான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் உயர் மின்னழுத்தச் சுற்று 360-0-360 வோல்ட். வால்வுகள் இன்னும் சூடாகாமல், மின்னோட்டம் இழுக்காமல் இருக்கும்போது கெபாசிட்டரில் ஏறக்கூடியது அதன் உச்சம், அதாவது 509 வோல்ட். கெபாசிட்டர் டப்பாவின் தாங்குதிறன் 525. மிச்சம் 16 வோல்ட்தான். இந்த ஆம்ப் 117 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. இன்று சுவரில் 123 வோல்ட் வந்தால் அதே 509 என்பது 535 ஆகிவிடும், தாங்குதிறனைத் தாண்டிவிடும். ஜிஇசட்34 மெதுவாகச் சூடாவதால் மின்னழுத்தமும் மெதுவாக ஏறுகிறது, அதற்குள் இஎல்34-களும் விழித்துக்கொள்கின்றன. அந்தத் தாமதம்தான் டப்பாவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆக, "வால்வு ரெக்டிஃபயர் வேண்டாம், டையோடு போட்டுவிடலாம்" என்று செய்தால் ஸ்விட்ச் போட்ட நொடியிலேயே முழு உச்சமும் டப்பாவின் தலையில் விழும். டையோடுதான் வேண்டும் என்றால் முதலில் கெபாசிட்டர்களை மாற்றிவிட்டுச் செய்யுங்கள். 230 வோல்ட் நாடுகளில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது 120 வோல்ட்டைவிட 110 வோல்ட் தருவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 50 ஹெர்ட்ஸில் அதே மின்னழுத்தத்துக்கு இரும்புக் கருவில் காந்தப் பாய்வு 60 ஹெர்ட்ஸைவிட 20 சதவீதம் கூடும். ஏற்கெனவே சூடாக ஓடும் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தச் சுமையையும் ஏற்ற வேண்டாம்.

டப்பாவை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. அதற்குள் 30, 20, 20, 20 மைக்ரோ ஃபாரட் என நாலு பிரிவுகள் உண்டு. ரெக்டிஃபயரை ஒட்டிய முதல் பிரிவை 30-40 அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜிஇசட்34 முதல் கெபாசிட்டராக 60-க்கு மேல் ஏற்காது, ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் பெரும் மின்னோட்டம் இழுத்து உள்ளே பொறி பறக்கும். சோக்குக்கு (சப்ளையின் ஏற்ற இறக்கத்தை வடிகட்டும் சுருள்) பிந்தைய பிரிவுகளைத் தாராளமாகப் பெரிதாக்கலாம், பேஸ் கொஞ்சம் கட்டுப்படும்.

இனி என்னென்ன கெடும் என்று பார்ப்போம். உயிர் போகும் அளவுக்கு முக்கியமானது பயஸ் சப்ளையில் இருக்கும் செலினியம் ரெக்டிஃபயர். அது சோர்ந்தால் எதிர் மின்னழுத்தம் குறையும், நாலு இஎல்34-உம் சேர்ந்து சிவக்கும். அதை எடுத்துவிட்டு 1என்4007 டையோடு போடுங்கள், பக்கத்தில் இருக்கும் இரண்டு 50 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்களையும் 100 வோல்ட் தாங்கும் புதியவையாக மாற்றுங்கள். டையோடின் கோடிட்ட முனை எந்தப் பக்கம் என்பதில் ஒருமுறைக்கு இருமுறை கவனம் தேவை. இங்கே நமக்கு வேண்டியது எதிர் மின்னழுத்தம், ஆகவே கோடிட்ட முனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். கெபாசிட்டரின் நேர்முனை சேசிஸுக்கு. இதைத் திருப்பிப் போட்டால் கெபாசிட்டர் வெடிக்கும், வால்வும் போகும். சிலிக்கான் டையோடில் இழப்பு குறைவு என்பதால் பயஸ் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக எதிர்மறையாக வரும். கெடுதல் இல்லை, பயஸைக் கூட்டிக் குறைக்கும் பொட்டின் (திருகும் ரெசிஸ்டர்) எல்லைக்குள் சரிக்கட்டிவிடலாம்.

அடுத்தது கப்ளிங் கெபாசிட்டர்கள். ஒரு பக்கம் சில நூறு வோல்ட், மறுபக்கம் கிரிட். வயதானால் மெல்லக் கசியும். 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே 270 கிலோ ஓமில் 2.7 வோல்ட், அவ்வளவுக்குப் பயஸ் குறைந்துவிடும். குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து, சூடானதும் ஒரே ஒரு வால்வு மட்டும் சிவந்தால் சந்தேகம் இதன் மேல்தான். வால்வைக் கழற்றிவிட்டு கிரிட்டில் அளந்தால் எதிர் மின்னழுத்தம் பக்கத்து சாக்கெட்டைவிடக் குறைவாகக் காட்டும். நாலையும் 600 வோல்ட்டுக்குக் குறையாத பாலிப்ராப்பிலீனாக மாற்றுங்கள். விலை உயர்ந்தவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை, கசியாமல் இருந்தால் போதும்.

சிவப்பது என்றால் எப்படி இருக்கும்? விளக்கை அணைத்துவிட்டு இஎல்34-இன் பக்கவாட்டைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் தெரிவது இயல்பு. சாம்பல் நிறத் தகடு, அதாவது பிளேட், தன் நடுவில் மங்கலான செம்பழுப்பாக, ஒரு காசு அளவுக்கு ஒளிர ஆரம்பித்தால் அது ஆபத்து. உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டால் வால்வு போகும், அதற்கு மேல் விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும். வால்வு இன்று வாங்கிக்கொள்ளலாம். அசல் ஏ-470-ஐ மறுபடி தேடிப் பிடிப்பது பெரிய வேலை.

போர்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 7199-இன் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து, சாக்கெட்டைச் சுற்றிக் கருத்து, செம்புத் தடங்கள் பிசின் விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கும். கருகிய போர்டு மின்சாரத்தையும் கசிய விடும். அதில் இரும்பை வைத்துப் போராடாதீர்கள். பல சிறு தயாரிப்பாளர்கள் அதே துளைகளுக்குப் பொருந்தும் புதிய போர்டு தருகிறார்கள். பழைய போர்டையே வைத்திருக்கும் நல்ல நிலையிலுள்ள ஆம்ப் என்றால் இரண்டு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்களையாவது அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று 1 சதவீதத்துக்குள் இல்லையென்றால் ஸ்பிளிட்டரின் சமநிலை போயிருக்கும்.

7199 இப்போது அரிது, கிடைத்தாலும் யானை விலை. 6ஜிஎச்8ஏ அதற்கு நெருங்கிய சொந்தம், ஆனால் கால்களின் வரிசை வேறு. அப்படியே செருகினால் வேலை செய்யாது, இடையில் அடாப்டர் வேண்டும் அல்லது போர்டை அதற்கேற்ப மாற்ற வேண்டும். பென்டோடும் டிரையோடும் நேரடியாகக் கட்டப்பட்டிருப்பதால் முதல் பாதி கொஞ்சம் விலகினாலும் இரண்டாம் பாதியின் வேலை செய்யும் புள்ளியும் விலகும். வால்வு மாற்றிய பிறகு ஸ்பிளிட்டரின் கேத்தோடு மின்னழுத்தத்தை இரண்டு சேனலிலும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதைவிட வெகுவாக விலகியிருந்தால் அந்த வால்வு உங்களுக்கு வேண்டாம். 

பயஸ் வைக்கும் முறை இந்த ஆம்ப்பின் மிக அழகான பகுதி. ஒவ்வொரு சேனலிலும் இரண்டு இஎல்34-இன் கேத்தோடுகளும் சேர்ந்து ஒரு 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியாக சேசிஸுக்கு வருகின்றன. அதன் குறுக்கே 1.56 வோல்ட் வந்தால் மொத்தம் 100 மில்லி ஆம்பியர், வால்வுக்கு 50. முன்பக்கத்துச் சாக்கெட்டிலேயே அளந்துகொள்ளலாம், ஆம்ப்பைக் கவிழ்க்க வேண்டியதில்லை. சாதாரண டார்ச் செல் புதிதாக இருக்கும்போது காட்டுவதும் ஏறத்தாழ இதே மின்னழுத்தம்தான். மலிவான மீட்டர் வைத்திருப்பவரும் செல்லை அளந்து முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பயஸையும் அதே இடத்துக்குக் கொண்டுவரலாம்.

புதிதாகக் கைக்கு வந்த ஆம்ப்பில் இந்த வரிசையில் போங்கள். இணைப்பைப் பிடுங்கி, கெபாசிட்டர்களை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் பூஜ்யம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 500 வோல்ட் மன்னிக்காது. அளக்கும்போது ஒரு கை பின்னால் இருக்கட்டும். இரண்டு 15.6 ஓம் ரெசிஸ்டர்களை அளங்கள். முன்பு எப்போதோ வால்வு சிவந்திருந்தால் இவை வெந்து மதிப்பு மாறியிருக்கும். 20 ஓம் ஆகிவிட்ட ரெசிஸ்டரில் 1.56 வோல்ட் வைத்தால் உண்மையில் ஓடுவது 78 மில்லி ஆம்பியர்தான். அடுத்து ஜிஇசட்34-ஐயும் இஎல்34-களையும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். பயஸ் சப்ளை தனியாக வேலை செய்யும். நாலு இஎல்34 சாக்கெட்டின் 5-ஆம் காலிலும் அளங்கள். பொட்டைத் திருப்பத் திருப்ப எதிர் மின்னழுத்தம் தடங்கலின்றி ஏறி இறங்க வேண்டும். நடுவில் எங்காவது துள்ளினால் பொட் அழுக்கு அல்லது தேய்வு, மாற்றிவிடுங்கள். ஒரு கணம் தொடர்பு விட்டால் ஒரு ஜோடி வால்வு பயஸ் இல்லாமல் நிற்கும்.

எல்லாம் சரியென்றால் இரண்டு பொட்டையும் மிக எதிர்மறையான கோடியில் வைத்து, வால்வுகளைச் செருகி, இரண்டு சேனலிலும் ஸ்பீக்கரோ 8 ஓம் பவர் ரெசிஸ்டரோ கட்டாயம் இணைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். சுமை இல்லாமல் வால்வு ஆம்ப்பில் சிக்னல் ஓடினால் பிரைமரியில் மின்னழுத்தம் எகிறி டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு கிழியும். மெதுவாகப் பயஸை ஏற்றி முதலில் 1 வோல்ட்டில் நிறுத்துங்கள், அரை மணி நேரம் விடுங்கள், பிறகு இறுதி மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் பரிந்துரை 1.25 வோல்ட், அதாவது வால்வுக்கு 40 மில்லி ஆம்பியர். மின்சாரம் 117-க்கு மேல் வரும் இடங்களில் 50 என்பது வால்வையும் ஜிஇசட்34-ஐயும் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒருசேர வாட்டும். 40-இல் ஒலி குறைவதாக யாராவது சொன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

வேரியாக்கில் (மின்னழுத்தத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெல்ல மெல்ல ஏற்றிப் பழைய கெபாசிட்டர்களைப் பழக்கலாம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. வால்வு ரெக்டிஃபயர் உள்ள ஆம்ப்பில் அது பயன் தராது. ஜிஇசட்34-இன் ஹீட்டர் போதிய சூடாகும் வரை கெபாசிட்டருக்கு ஒன்றுமே போகாது, பிறகு திடீரென்று பெரும் மின்னழுத்தம் வந்துவிடும். அதைவிட, 100 வாட் இழை பல்பு ஒன்றை வரிசையில் போட்டு முதல் முறை ஓட்டுவது மேல். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். 

ஒரே பொட், ஒரே ரெசிஸ்டர் என்பதால் ஒரு சேனலின் இரண்டு வால்வும் ஜோடியாக இருந்தே ஆக வேண்டும். ஒன்று 60, மற்றது 20 இழுத்தாலும் மீட்டர் 80-க்கு உரிய 1.25 வோல்ட்டைத்தான் காட்டும். அந்த வித்தியாசம் டிரான்ஸ்ஃபார்மர் கருவைக் காந்தமாக்கி, பேஸைக் கலங்கடிக்கும். கூடவே, சமநிலையில் தானாகவே ரத்தாக வேண்டிய சப்ளை இரைச்சலும் ஸ்பீக்கரில் கேட்கும். இந்த ஆம்ப்பில் செய்யத் தக்க ஒரே மாற்றம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வோம்: ஒவ்வொரு இஎல்34-க்கும் தனி 10 ஓம் ரெசிஸ்டர், தனி பயஸ் பொட். ஒவ்வொன்றிலும் 0.4 வோல்ட் வைத்தால் 40 மில்லி ஆம்பியர். கணக்கும் எளிது, ஜோடி சேராத வால்வுகளையும் பயன்படுத்தலாம். மற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை எஸ்டி-70-ஐ வேறொரு ஆம்ப்பாக்குகின்றன. இரண்டு டிரையோடு கட்டங்கள் உள்ள ஓட்டுப் பகுதி, ஃபீட்பேக்கைக் குறைப்பது, ரெகுலேட்டர் சேர்ப்பது எல்லாம் நன்றாக ஒலிக்கலாம், ஆனால் மூன்று கட்டங்களில் கிடைத்த அந்த நிலைத்தன்மையை மறுபடி சோதித்தே ஆக வேண்டும். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்கள் அதில் இறங்காதீர்கள்.

ஒரு பழைய எஸ்டி-70 வாங்கப் போகிறீர்கள் என்றால் துருவும் கீறலும் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கையில் ஒரு சிறிய சிக்னல் ஜெனரேட்டரும் மீட்டரும் எடுத்துச் செல்லுங்கள். மின்சாரம் இல்லை, கெபாசிட்டர்கள் வடிக்கப்பட்டிருக்கின்றன, வால்வுகள் கழற்றப்பட்டிருக்கின்றன, ஸ்பீக்கர் இணைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 16 ஓம் டெர்மினலில் 100 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் 1 வோல்ட் ஏசி கொடுங்கள். 8 ஓமில் 0.7, 4 ஓமில் 0.5 வோல்ட் வர வேண்டும். அந்தச் சேனலின் இரண்டு இஎல்34 சாக்கெட்டுகளின் 3-ஆம் கால்களுக்கு இடையே 16 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், ஏனெனில் 4,300-க்கும் 16-க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலம் அதுதான். உள்ளே ஒரு சுற்று ஷார்ட்டாகியிருந்தால் ஜெனரேட்டரே திணறி 1 வோல்ட் கீழே விழும். அடுத்த சேனலிலும் இதையே செய்யுங்கள். இரண்டும் ஒன்றுபோல அளவு காட்டினால் வாங்கிவிடுங்கள், வால்வு ஒன்றுகூட இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை.